காரணம் தெரியாதது: ஒன்று

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஏவுகணை கடலில் விழுந்தால் அதைத் தோல்வி என்று யாரும் சொல்வதில்லை. ‘ஒரு அனுபவம் ஆச்சு’ என்பார்கள். புதிதாகச் சேர்கிற பிள்ளைகள் முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். ஆறு மாதத்தில் அவர்களும் முகத்தில் சலனமில்லாமல் அப்படியே சொல்லப் பழகிவிடுவார்கள். இந்தச் சொல்லை எங்கள் வாயில் போட்டவர் ராமபிரம்மம். அவர் விஞ்ஞானி இல்லை, பொறியாளரும் இல்லை. செலவு மதிப்பீட்டுப் பிரிவின் அதிகாரி.

நரசாபுரத்துக்காரர். கோதாவரித் தண்ணீர் குடித்தவர்களுக்கே உள்ள எகத்தாளம் பேச்சில் இருக்கும். மகா கருமி. வந்த தபால் உறையைத் திருப்பி ஒட்டி மறுபடி அனுப்புவார். யார் வீட்டுக் கல்யாணமானாலும் பத்திரிகையை வாங்கியவுடன், “கெட்டுப் போறதுக்குன்னு எவ்வளவு எடுத்து வெச்சிருக்கீங்க?” என்று கேட்பார். பால் திரியும், சமையல்காரன் பாதியில் ஓடுவான், மழை பெய்யும், அதற்கெல்லாம் தனியாக ஒதுக்கியாயிற்றா என்று அர்த்தம். கேட்கிறவர்களுக்கு வயிறு எரியும். என்னிடமும் கேட்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எங்கள் வீட்டுக் கல்யாணத்தன்று மின்சாரம் போய், ஜெனரேட்டருக்காக என் தம்பி ஹைதராபாத் முழுக்க அலைந்தான்.

ஒலியை மிஞ்சிய வேகத்தில் போகும் ஏவுகணையை, வெளிநாட்டுக் கூட்டு இல்லாமல் நாமே செய்வது என்று முடிவானபோது மதிப்பீடு போடும் வேலை அவரிடம் வந்தது. திட்டத் தலைவர் அவதானுலு அதைப் படித்துவிட்டு எல்லோரையும் கூட்டினார். ஏவுகணை அனுப்பும் எண்களைத் திரையில் கவனிக்கும் பிரிவிலிருந்து நான் போயிருந்தேன்.

“என்னய்யா இது? ‘இழக்க வேண்டியவை: ஆறு’ன்னு எழுதியிருக்கீங்க. கல்யாணப் பத்திரிகையில கருமாதித் தேதியும் சேர்த்துப் போடுவீங்களா?” என்றார் அவதானுலு.

“போட்டா பந்தல்காரனுக்கு ரெண்டுக்கும் ஒரே அட்வான்ஸா குடுத்துடலாமே சார்,” என்றார் ராமபிரம்மம்.

யாரோ சிரித்தார்கள். அவதானுலு சிரிக்கவில்லை. அவர் பெரிய படிப்பெல்லாம் படித்த மனிதர். ஆனால் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது பூனை குறுக்கே போனால் அன்றைக்கு ஆபீசுக்கே வரமாட்டார்.

“சார், உலோகத்துக்கு விலை இருக்கு, எரிபொருளுக்கு விலை இருக்கு. அனுபவம் எந்தக் கடையில விக்குது? வெளிநாட்டுக்காரன் நமக்கு ஏவுகணை விப்பான். பாகம் விப்பான். பணம் கூடக் குடுத்தா வரைபடம்கூட விப்பான். அவன் நாப்பது வருஷமா கடல்ல போட்டானே, அத விப்பானா? அத நாமதான் போட்டாகணும். ஒவ்வொண்ணோட விலையும் ஒரு சின்ன ஊருக்குக் குடிதண்ணித் திட்டம். ஆறு ஊர் தண்ணி. அதுக்குக் குறைச்சு வராது.”

ஆறையும் அவர் பிரித்தும் எழுதியிருந்தார். ஏவுகணையை முதலில் தள்ளிவிடும் பொறியில் இரண்டு. வேகம் வந்ததும் காற்றை விழுங்கிப் பற்ற வேண்டிய இரண்டாவது பொறியில் இரண்டு. வழி காட்டும் கருவியில் ஒன்று. காரணம் தெரியாதது ஒன்று.

டெல்லியில் நிதித் துறையினர் ‘இழப்பு’ என்ற சொல்லை ஒப்புக்கொள்ளவில்லை. நடக்காத இழப்புக்கு முன்கூட்டியே அனுமதி கொடுத்தால் தணிக்கையில் மாட்டிக்கொள்வோம் என்றார்கள். ராமபிரம்மம் அங்கேயே உட்கார்ந்து அதை அடித்துவிட்டு ‘அனுபவச் செலவு’ என்று எழுதிக் கொடுத்தார். கையெழுத்தாகிவிட்டது. ஒவ்வொரு வரியையும் கிள்ளிக் கிள்ளிக் கேட்டவர்கள் ‘காரணம் தெரியாதது’ என்ற வரியை மட்டும் ஒன்றும் கேட்கவில்லையாம். அது ஏன் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

பிறகு ஒவ்வொன்றாக விழத் தொடங்கின.

முதலாவது தள்ளும் பொறியில் வெடித்தது. இரண்டாவதும் அதே பொறியில். மூன்றாவதில் அந்தப் பொறி ஒழுங்காகத் தள்ளியது, ஆனால் இரண்டாவது பொறி காற்றை விழுங்க மாட்டேன் என்று துப்பிவிட்டது. நான்காவதும் அப்படியே. ஐந்தாவது அழகாகப் போய்க்கொண்டிருந்தது. பாதி வழியில், எதையோ மறந்து வைத்துவிட்டு வந்தவன் திரும்புவதைப் போல, கரையை நோக்கித் திரும்பியது. வானத்திலேயே அழித்தோம். அவர் எழுதிய அதே வரிசை, ஒன்றுகூட முன்பின் ஆகவில்லை.

இதில் மாயமில்லை என்று எனக்குத் தெரியும். ஏவுகணை அந்த வரிசையில்தான் வேலை செய்கிறது. முதலில் தள்ளும், பிறகு பற்றும், பிறகு திரும்பும். ஒன்றைச் சரிசெய்தால்தான் அடுத்ததில் தவறவே வாய்க்கும். இதை நான் கேண்டீனில் கத்திச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஆட்டிவிட்டு, ராமபிரம்மம் தட்டோடு வந்து உட்கார்ந்ததும் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அவர் கோங்கூரா ஊறுகாயைத் தயிர்ச்சோற்றில் பிசைந்துகொண்டே என்னிடம், “இடம் தாராளமா கெடைக்குதும்மா வகுளா, நல்லதாப் போச்சு,” என்றார். அவருடைய மேசையில் யாரோ எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுப் போவார்கள். அவர் அதைப் பிழிந்து மோரில் விட்டுக் குடித்துவிடுவார்.

ஆறாவது பறந்தது. ஏழாவது பறந்தது. எட்டாவது இலக்கின் நடு நெற்றியில் அடித்தது.

சந்தோஷப்பட வேண்டாமா? ஒவ்வொரு வெற்றிக்கும் கட்டுப்பாட்டு அறையில் கைதட்டல் கொஞ்சம் தாமதமாகவே வந்தது. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். “இன்னும் ஒண்ணு இருக்கு,” என்று யாராவது முணுமுணுப்பார்கள். அந்த ஒன்று எது என்று எல்லோருக்கும் தெரியும். பொறியில் கோளாறு என்றால் பொறியைப் பார்க்கலாம். கருவியில் கோளாறு என்றால் கருவியைப் பார்க்கலாம். காரணம் தெரியாததை எங்கே போய்ப் பார்ப்பது? நள்ளிரவு வரை சோதித்த திருகுகளை மறுநாள் காலையில் வந்து மறுபடி சோதித்தார்கள். ஒரு பையன் ஏவுகணையின் வயிற்றில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன்.

மார்ச் மாதம் செலவழியாத பணத்தை டெல்லிக்குத் திருப்பி ஒப்படைக்க வேண்டும். அது எல்லா அரசு அலுவலகத்துக்கும் உள்ள விதி. அவதானுலு அவரைக் கூப்பிட்டு, “அந்த ஒண்ணையும் திருப்பிக் குடுத்துடுங்க ராமபிரம்மம் காரு. தொலையட்டும்,” என்றார். இவரும் எழுதினார். டெல்லியிலிருந்து பதில் வந்தது. தகுந்த காரணம் தெரிவிக்காமல் இந்த இனத்தைத் திருப்பி ஒப்படைக்க இயலாது.

“தலைப்பே காரணம் தெரியாதுன்னு இருக்கு. அதுக்குக் காரணம் கேக்கறான்!” என்று அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். அறையில் வேறு யாரும் சிரிக்கவில்லை. நானும்தான்.

இங்கே ஹைமவதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராமபிரம்மத்தின் ஒரே மகள். தள்ளும் பொறியின் பற்றவைப்புக் குழுவில் இருக்கிறாள். அப்பா உள்ளே தள்ளிவிட்ட வேலை இல்லை, தேர்வு எழுதி வந்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அவளுடைய அம்மா மாணிக்யாம்பா ஒரு சின்ன அறுவை சிகிச்சைக்குப் போய், மயக்கத்திலிருந்து எழவே இல்லை. காரணம் தெரியவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த வரி அங்கிருந்துதான் வந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பு, சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தபோதே அவர் அப்படித்தான் எழுதுவாராம். காரணம் தெரியாமல் கெடும் வெல்லம், இத்தனை மூட்டை. மனைவி போன பிறகும் அந்த வரியை எழுத அவருக்குக் கை வந்தது என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

ஒன்பதாவதை ஏவ ஒடிசா கடற்கரைக்குக் கிளம்பும்போது குழுவினர் சண்டித்தனம் செய்தார்கள். ராமபிரம்மம் கூட வந்தால்தான் பெட்டியைக் கட்டுவோம் என்றார்கள். எழுதினவர் பக்கத்திலிருந்தால் அது வராது என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். செலவு அதிகாரியை ஏவுதளத்துக்கு அழைத்துப்போன கூத்து வேறெங்கும் நடந்திருக்காது. கட்டுப்பாட்டு அறையில் என் நாற்காலிக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில், டிபன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாதகிரி நரசிம்மர் பிரசாதம் வந்தது. தேங்காய் உடைத்தார்கள். நடு மத்தியானம், சுள்ளென்ற வெயில், கடல் தகடுபோலக் கிடந்தது.

எண்ணி முடித்தார்கள். பொத்தானை அழுத்தினார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

புகை இல்லை, சத்தம் இல்லை. என் திரையில் எல்லா எண்களும் சரியாக இருந்தன. ஏதாவது ஒன்று தப்பாக இருந்திருந்தால் எனக்குப் பயம் குறைந்திருக்கும். ஏவும் முன் எச்சரிக்கைச் சங்கு ஊதியபோது பறந்துபோன பறவைகள் திரும்பி வந்தன. கேமராவில் பார்த்தோம், ஏவுதளத்தின் மேல் ஒரு கொக்கு வந்து உட்கார்ந்து இறகைக் கோதிக்கொண்டது.

அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். பிறகு மூன்று பேர் நடந்துபோய், அது பற்றாதபடி இணைப்பைக் கழற்றிச் சாவியை உருவ வேண்டும். அதுதான் விதி. மூன்று பேரில் முதலில் நடக்க வேண்டியவள் ஹைமவதி. தளத்துக்குப் பக்கத்தில் இருந்த கான்கிரீட் அறையில் மற்ற இருவரோடு காத்திருந்தாள்.

அரை மணி ஆனதும் ராமபிரம்மம் ஸ்டூலை விட்டு எழுந்தார்.

“சார், யாரையும் அனுப்பாதீங்க.”

“விதிப்படி அரை மணி காத்தாச்சு. நீங்க உக்காருங்க,” என்றார் அவதானுலு.

“அந்த அரை மணி யார் சொன்னது?”

“பழைய ராக்கெட்டுக்கு எழுதினது. எப்பவும் அதுதான்.”

“அப்போ அது பழைய ராக்கெட்டோட அனுபவம் சார். இதோடது இல்ல. இது ஒரு தடவகூட நமக்கு இப்படி நின்னதில்ல. எவ்வளவு நேரத்துல ஆறும்னு இங்க யாருக்குத் தெரியும்? சொல்லுங்க, யாருக்குத் தெரியும்?”

அவதானுலு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

“அது போனது போனதுதான் சார். அதுக்கு அனுமதி வாங்கியாச்சு. அப்படியே விட்டுடுங்க. மழையில நனையட்டும், துரு புடிக்கட்டும். ஆடிட்டுக்கு நான் பதில் சொல்றேன்.”

“இன்னொண்ணு செய்ய ஒண்ணரை வருஷம் ஆகும். முழுசா நிக்குது கண்ணு முன்னால. விட்டுடுன்னா எப்படிய்யா?” அவதானுலு ஒலிவாங்கியை எடுத்தார். “டீம், கதவத் தெறங்க. புறப்படலாம்.”

இரும்புக் கதவு திறக்கும் கரகரப்பு ஒலிபெருக்கியில் கேட்டது. ராமபிரம்மம் என் நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்தார்.

அப்போது ஒரு தும்மல் கேட்டது.

ஒற்றைத் தும்மல், பெரிதாக, ஒலிபெருக்கியிலிருந்து. எங்கள் பக்கம் ஒற்றைத் தும்மல் கேட்டால் கால் வெளியே வைக்க மாட்டார்கள். இரண்டாவது வருமா என்று எல்லோரும் காத்திருந்தோம். வரவில்லை.

“யாரு தும்மினது?” என்றாள் ஹைமவதி.

“யாரா இருந்தா என்ன, உள்ள போங்க,” என்றார் அவதானுலு. அவருடைய குரலே மாறிவிட்டது. “ஒரு நிமிஷம் உக்காந்து தண்ணி குடிச்சிட்டுக் கெளம்புங்க.”

செலவுக் கணக்குக்கு அசையாத மனிதர் தும்மலுக்கு அசைந்தார். மூன்று பேரும் உள்ளே திரும்பி உட்கார்ந்தார்கள். தண்ணீரைக் கையில் வாங்கியிருக்கிறார்கள், பொறி தானாகப் பற்றியது. ஏவுகணை தளத்தோடு பிய்த்துக்கொண்டு சாய்ந்து வெடித்தது. எங்கள் திரைகள் வெளுத்தன. தளத்துக்கும் அந்த அறைக்கும் நடுவே, அவர்கள் நடந்துகொண்டிருக்க வேண்டிய மணல், கருகிக் கிடந்தது.

தும்மியது தான் இல்லை என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். பதிவைப் போட்டுக் கேட்டோம். எல்லா ஒலிவாங்கியும் சேர்ந்த பதிவில் தும்மல் தெளிவாக இருந்தது. தனித்தனிப் பதிவுகளில் ஒன்றிலும் இல்லை. கருவிக் கோளாறு என்று நான் எழுதிக் கொடுத்தேன். எழுதும்போது எனக்கு எரிச்சலாக இருந்தது. இப்போதும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

ஹைதராபாத் திரும்பியதும் ஆய்வுக்கூடத்தில் இனிப்பு வழங்கினார்கள். அந்த ஆறாவது செலவு தீர்ந்துவிட்டதாம், உயிர்ச்சேதம் இல்லாமல் தீர்ந்துவிட்டதாம். தோற்றதற்குப் பூதரேக்கு வாங்கித் தின்றவர்கள் நாங்களாகத்தான் இருப்போம். ராமபிரம்மத்தின் மேசையைச் சுற்றி இரண்டு வரிசைக்கு ஆள். அவருக்கு ஊட்டிவிட்டார்கள்.

விசாரணைக் குழு மெதுவாக வேலை செய்தது. கடைசியில் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டது. தள்ளும் பொறிக்குப் போகும் இணைப்பில் கடற்காற்றின் ஈரம். அதன் வழியாக மின்சாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து சேர்ந்து பற்றவைத்திருக்கிறது. ஐயத்துக்கு இடமே இல்லை, ஆய்வறையில் இரண்டு முறை அப்படியே செய்து காட்டினார்கள்.

ராமபிரம்மம் அறிக்கையைப் படித்துவிட்டுக் கணக்கைத் திருத்தினார். தள்ளும் பொறி: அனுமதித்தது இரண்டு, ஆனது மூன்று. காரணம் தெரியாதது: மீதி ஒன்று.

அன்று மத்தியானமே அவருடைய கேண்டீன் மேசை காலியாகிவிட்டது.

அவதானுலு அவரிடம் கெஞ்சவே தொடங்கிவிட்டார். “ஒரு தலைப்புல மிச்சம் இருந்தா இன்னொண்ணுக்கு மாத்திக்க விதி இருக்கே. அந்த ஒண்ண எடுத்துத் தள்ளும் பொறியில போட்டுடுங்க. நேராயிடும். ஒரு கையெழுத்துதான்.”

“அது இன்னும் இருக்கு சார்.”

“சரி, அந்தத் தும்மலையாவது அதுல எழுதிக்கோங்க. அதுக்குத்தான் காரணமே தெரியலயே!”

“அது நஷ்டம் இல்லையே சார். லாபம். லாபத்தச் செலவுல எழுத முடியாது.”

இப்படியே ராமபிரம்மம் ஓய்வுபெறும் மாதம் வந்துவிட்டது. அடுத்த சோதனைக்கு ஆட்கள் ஏவுதளத்துக்குப் போக மறுக்கிறார்கள் என்று அவதானுலு கடைசியில் கையெழுத்து வாங்க ஹைமவதியையே அனுப்பினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை. சைதாபாத்தில் அவர்களுடைய வீட்டில் நான் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். ராமபிரம்மமே பப்பும் புளிஹோராவும் செய்திருந்தார். ஹைமவதி அவருடைய தட்டுக்குப் பக்கத்தில் அந்தத் தலைப்பு மாற்றும் தாளை வைத்தாள்.

“நைனா, கையெழுத்துப் போட்டுடுங்க. டீம்ல ஒருத்தரும் என்கூட வர மாட்டேங்கறாங்க. என்னப் பாத்தாலே ஏதோ செத்துப் பொழச்சவளப் பாக்கற மாதிரி பாக்கறாங்க.”

“செத்துப் பொழச்சவதானேம்மா.”

“வெளையாடாதீங்க. இது வெறும் காகிதம். நீங்கதானே இத்தன வருஷமா சொல்றீங்க, இதுல சகுனமும் இல்ல ஒண்ணும் இல்லன்னு.”

“இல்லதான். நமக்குத் தெரியாதது ஒண்ணு இருக்குன்னு எழுதினேன். அவ்வளவுதான். இன்னும் தெரியலயே. இதுல கையெழுத்துப் போட்டா எல்லாம் தெரிஞ்சுபோச்சுன்னு அர்த்தம். போட்டா நீங்க தைரியமா எழுந்து நடப்பீங்க. போடலன்னா பயந்துக்கிட்டுக் கொஞ்ச நேரமாவது உக்காந்திருப்பீங்க.”

ஹைமவதி தாளை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். பிறகு கேட்டாள். “நான் வேலைய விட்டுடறேன். நாளைக்கே எழுதிக் குடுத்துடறேன். அப்போ போடுவீங்களா?”

அவர் யோசிக்கவே இல்லை. எச்சில் கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். அந்த வேகத்தைப் பார்த்து எனக்கே வெட்கமாக இருந்தது.

“எனக்குப் பதிலா யசோதரா நடப்பா நைனா,” என்றாள் ஹைமவதி மெதுவாக. “போன மாசம் வீட்டுக்கு வந்தாளே. நீங்ககூடப் பெசரட்டு ஊத்திக் குடுத்தீங்களே. ரெண்டு வேணும்னு கேட்டாளே, அந்தப் பொண்ணு.”

பேனா தாளின் மேல் அப்படியே நின்றது. மை ஒரு புள்ளியாக ஊறியது. எத்தனையோ கூட்டங்களில் எத்தனையோ பேர் அவரைப் பார்த்துக் கத்தியிருக்கிறார்கள், ஒருமுறைகூட அவர் தலையைக் குனிந்து நான் பார்த்ததில்லை. அன்று குனிந்தார். மனிதர் ஒரு வார்த்தை சொல்லட்டுமே என்று எனக்கு இருந்தது.

பேனாவை மூடி வைத்தார். தாளை அவள் பக்கம் தள்ளினார்.

“போட மாட்டேன். நீ வேலைய விடாதே.” தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, “நீயே போம்மா,” என்றார்.

அவள் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். நாங்கள் மூவரும் மிச்சச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தோம்.

அவர் ஓய்வுபெற்ற பின் வந்தவரும் அதில் கையெழுத்துப் போடத் துணியவில்லை. குழுவினர் முணுமுணுத்துக்கொண்டே வேலைக்குத் திரும்பி வந்தார்கள். இப்போது ஏவுகணை கிளம்பாமல் நின்றால் பொழுது சாயும் வரை ஒருவரும் கதவைத் திறப்பதில்லை. விதியில் அப்படி இல்லை, பயத்தில்தான் அப்படி. அதற்குப் பிறகு நான்கு ஏவினோம், நான்கும் பறந்தன. ஒவ்வொன்றுக்கும் ஹைமவதிதான் முன்னால் நின்றாள். மீதி ஒன்று அப்படியே இருக்கிறது. நாளை மறுநாள் அவள் மறுபடி ஒடிசாவுக்குப் புறப்படுகிறாள். நேற்று அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். ராமபிரம்மம் மகளின் பெட்டியைத் தானே அடுக்கிக்கொண்டிருந்தார்.